மூன்று வரிகளில்

தலைமையகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
"பதினான்கு ஆண்டுகளாக உங்கள் குழு
கலையாமல் இருப்பதன் காரணம் என்ன?
மூன்று வரிகளில் எழுதுக."
கீழே மூன்று கோடுகள்.
மூன்றாவது கொஞ்சம் குட்டை.

நாங்கள் பகல்காரர்கள்.
அட்டகாமாவில், மழை எட்டிக்கூடப் பார்க்காத மலையுச்சியில்
ஆறரை மீட்டர் கண்ணாடியைக் கழுவுகிறவர்கள்.
அதன் வழியே வானம் பார்ப்பவர்கள் விழிக்கும் வேளையில்
நாங்கள் இறங்கும் பேருந்தில் தூங்கிக்கொண்டிருப்போம்.
அவர்கள் பெயர் கட்டுரைகளில் வரும்.
எங்கள் பெயர் சாப்பாட்டுக் கணக்கில்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
கண்ணாடியை இறக்கி
பழைய அலுமினியத்தை அமிலம் விட்டு உரித்து
கடற்பஞ்சால் கழுவிப்
புதுப்பூச்சுக்கு அனுப்பவேண்டும்.
முந்தின நாள்
மோதிரம், கடிகாரம், இடுப்புவார், சிலுவைச் சங்கிலி
எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும்.
நொல்பெர்த்தோவின் கல்யாண மோதிரம் மட்டும் மல்லுக்கட்டும்.
சோப்பு போட்டு இழுப்போம்.
"என் பெண்டாட்டிகூட இதை இத்தனை தடவை கழற்றச் சொன்னதில்லை" என்பான்.
ஒவ்வொரு முறையும் அதே ஜோக்.
ஒவ்வொரு முறையும் சிரிக்கிறோம்.
முதல் வரியில் இதை எழுதலாமா?

யாஸ்னாவுக்கும் ரெமிஹியோவுக்கும்
ஒரு பழைய காரை விற்ற தகராறு.
மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
பம்பு பற்றி மட்டும் பேசினார்கள்,
முழு வாக்கியங்களில், மரியாதையாக.
இதை எழுத முடியாது.

நான்காவது கழுவல்.
லவுத்தாரோ வேலைக்குச் சேர்ந்து நாற்பது நாள்.
பஞ்சை எட்டி வைத்துவிட்டுக் கையை இழுத்தான்.
உப்புக்கல்லை நகத்தால் நசுக்குவதுபோல் ஒரு சத்தம்.
பதினோரு பேருக்கும் கேட்டது.
யாரும் திரும்பவில்லை.

எள்ளைவிடக் கொஞ்சம் நீளமான கீறல்.
ஓரத்தில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.
அவன் சும்மா இருந்திருக்கலாம்.
தண்ணீர்க் குழாய் என் கையில்.
பக்கத்தில் அவன் மூச்சு ஏறுவதும் இறங்குவதும்.
பிறகு, "நான்தான்."

யாஸ்னா கத்தவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
"எது பட்டது?" என்றாள்.

சட்டைக் கையின் ஜிப்.
மூன்று கழுவலாக
எங்கள் எல்லோர் மணிக்கட்டிலும்
பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது அது.

பதிவேட்டில் பையன் பெயர் வேண்டாம் என்றாள் இஸ்மேனியா.
"எழுதவேண்டும். இன்று நாம் மறைத்தால்
நாளை அவன் மறைப்பான்" என்றான் நொல்பெர்த்தோ.
பிடித்துக்கொண்டது சண்டை.
காய்ந்தால் கண்ணாடியில் கறை விழும்,
அதனால் ஆள் மாற்றி ஆள்
அதை நனைத்துக்கொண்டே கத்தினோம்.
திட்டிக்கொண்டே குழாயை நீட்டினான் ஒருவன்,
திட்டு வாங்கிக்கொண்டே வாங்கிப் பிடித்தாள் இன்னொருத்தி.
அரைமணி நேரம்.
ஓர் அங்குலம் காயவில்லை.

கடைசியில் லவுத்தாரோவே பேனாவை எடுத்தான்.
பெயர், நேரம், ஜிப்.
அடுத்த முறைக்கு இஸ்மேனியாவின் தங்கை
நாடா வைத்த சட்டைகள் தைத்தாள், பதினொன்று.
கஸ்தோதியோ அதற்குள் செம்புச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்,
மூன்று மடங்கு சம்பளம், யார் குறை சொல்ல?
ஆனால் கழுவுகிற நாள் காலையில் போன் அடிக்கிறான்,
தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறது என்று.
அவனுடைய சட்டை இன்னும் கொக்கியில் தொங்குகிறது.
நாளை அதைப் போடப்போகிறவள் தெனிஸ் என்ற புதுப்பெண்.
கை நீளம். மடித்துக்கொள்ளட்டும்.

நாளை எட்டாவது கழுவல்.
படிவம் இன்னும் காலி.
குட்டைக் கோட்டில் "ஈரம்" என்று எழுதினேன்,
தலைமையகத்தில் தண்ணீர்ச் செலவு என்று நினைப்பார்கள்,
அடித்துவிட்டேன்.

டின்னை வேறு தேடவேண்டும்.
யாரோ அதில்
பிஸ்கட் வைத்திருக்கிறார்கள்.