மிதவை எண் மூன்று

முதல் மிதவை கரையிலிருந்து
நாற்பது அடியில் மூழ்கியது.
இரண்டாவதை ஆடு தின்றது.
கயிறை மட்டும்தான்,
ஆனால் கயிறு இல்லாத மிதவை வெறும் குப்பை.

மூன்றாவதற்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கேன்,
பைக் டியூப், எம்சீல்,
ஹாஸ்டல் மெஸ்ஸில் சொல்லாமல் எடுத்த டிபன் பாக்ஸ்.
அதற்குள் ஒரு ரேடியோ சிப்,
மூன்றாம் பருவ அரியர் ஃபீஸில் வாங்கியது.
ரிசீவரைத் தங்கச்சிமடத்துத்
தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கட்டினேன்.
ஏறும்போது பயமில்லை,
இறங்கும்போதுதான் இயற்பியல் ஞாபகம் வந்தது.

"இதுக்கு மீனு எங்க கெடக்குன்னு தெரியுமா?"
"தெரியாதுப்பா. சூடு, வெளிச்சம், ஆட்டம், இடம். அவ்வளவுதான்."
"அது எனக்கே தெரியுமேடா."

பிழைச் செய்திகளை நானே எழுதினேன்.
கேன் கவிழ்ந்தால்:
தலைகீழா நின்னும் ஒரு மீனும் மாட்டல.
பேட்டரி குறைந்தால்: சோறு போடு.
ரீசெட் பட்டனை யாராவது அழுத்தினால்:
ஐயோ, கூசுது.

படித்துவிட்டுச் சிரித்தான் ஃபைரோஸ்.
கீழக்கரைக்காரன், லேசில் சிரிக்காதவன்.
என் வைஃபையின் பெயர் 'ஆமை',
பாஸ்வேர்டு பையின் இருபத்திரண்டு இலக்கங்கள்,
யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை
என்று சொன்னபோதுகூடச் சிரிக்காதவன்.

ஞாயிறு, பூசை முடிந்து, தென்கடலில் விட்டோம்.
முடிச்சு நான் போட்டது, வீடியோ பார்த்து.
சாயங்காலம் கச்சான் எழும்பியது.
வீடியோவில் காற்று இல்லை.

திரையில் நீலப் புள்ளி கிழக்கே போனது.
என் வரைபடத்தில் எல்லைக்கோடு கிடையாது,
வரைய மறந்துவிட்டேன்.
அதன் அகலம் அப்பாவுக்குத் தெரியும்:
போன வருஷம் பதினெட்டு நாள்.
விரலால் திரையில் ஓர் இடத்தைத் தொட்டு
"இந்தா, தாண்டிருச்சு" என்றார்.
பிறகு மெதுவாக,
"இதப் புடிக்க மாட்டானுகளா?"
"படகு நம்பர் இல்லையேப்பா."
என் ஜோக்குக்கு அவர் சிரித்தது
அதுதான் முதல் தடவை.
சிரித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் சத்தமில்லை.

மூன்றாம் நாள் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், மறுதேர்வு.
இரைச்சலிலிருந்து குறிப்பலையைப்
பிரிப்பது எப்படி, பதினாறு மதிப்பெண்.
ஏதோ எழுதிவிட்டு வெளியே வந்து
பையைத் திறந்தால் போனில்:

ஐயோ, கூசுது.

ஃபைரோஸ் கேட்டான், "யாருடா?"
வரைபடம் போட்டேன், வேறென்ன செய்வேன்.
ஆட்டம்: சுழி.
வெப்பம் முப்பத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு,
ஆக, மேலே ஒரு கூரை.
வெளிச்சம் ஆறு பத்துக்கு ஏறி
பத்து நாற்பதுக்கு அணைகிறது.
ராத்திரி இரண்டேகாலுக்கு நாலு நிமிஷம்
மறுபடி எரிகிறது.
தண்ணீர் குடிக்கவோ, பிள்ளை அழுததோ,
அதற்கு என்னிடம் சென்சார் இல்லை.

அடுத்த நாள் பட்டனை விடாமல் அழுத்தினார்கள்.
அழுத்தினால் உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும்,
அவர்களுக்கு அது மட்டும்தான் தெரியும்.
முதலில் மூன்று முறை.
இடைவெளி.
ஒன்று.
எனக்கு மூச்சு நின்றது.
அடுத்தது நான்கா? நான்கா?
ஏழு.
சரி, குழந்தைதான்.

இப்போது பேட்டரி ஒன்பது சதவீதம்.
சோறு போடு, சோறு போடு என்கிறது,
இக்கரையிலிருந்து நான் எப்படிப் போட?
ராத்திரி படுக்குமுன் அப்பா கேட்கிறார்,
"அங்க வெளக்க அணச்சிட்டாகளா?"
"இன்னும் இல்லப்பா. அஞ்சு நிமிஷம்."
அவரும் உட்கார்ந்திருக்கிறார்.

நான்காவதற்குக் கேன் கிடைத்துவிட்டது.
முடிச்சு தானே போட்டுத் தருவதாகச் சொன்னார்,
எந்தக் காற்றிலும் அவிழாத முடிச்சு.
வேண்டாம் என்றேன்.