ஆட்டைக் கொன்ற தண்ணீர்

அடெய்ல்டோவின் மாவு ஆலையில்
பிழிபொறிக்குப் பக்கத்தில் என் இடம்.
கிழங்கு சுரண்டும் பெண்கள் எட்டுப் பேர்.
ஒன்பதாவது ஆள், லிந்தினால்வா, நான்,
சாக்கில் திணித்த துருவலை
இரும்புத் திருகால் இறுக்குபவள்.
திருகு ஒரு சுற்று இறங்கினால்
மஞ்சள் நீர் ஒரு குடம் இறங்கும்.

கசப்பு மரவள்ளி.
பால் கையில் காய்ந்தால் தோல் இழுக்கும்.
ஆவி மூக்கில் ஏறினால் பின்மண்டை கனக்கும்.
பெர்னாம்புகோவின் இந்த வறண்ட மேட்டில்
அதன் மாவைத் தின்னாத வாய் இல்லை,
அதன் நீரைத் தொட்ட நாக்கும் இல்லை.
வாய்க்காலில் விடுவோம். அது
யார் நிலத்தில் போய் நிற்கிறதோ
அவர்கள் பாடு.

ஆகஸ்டில் என் பிரின்சேசா குடித்தாள்.
ஓடி வருவதெல்லாம் தண்ணீர் என்று நம்பிய
வெள்ளாடு. வயிற்றில் இரண்டு குட்டி.
நான் போய்ச் சேர்வதற்குள்
நாலு காலும் விறைத்து, வாயோரம் நுரை.
அடெய்ல்டோ வந்தான். தொப்பியைக் கழற்றினான்.
"வேலி போட்டிருக்கலாமே" என்றான்.
தொப்பியை மாட்டிக்கொண்டான்.

அந்த வாரம் எனக்கு வந்ததெல்லாம்
கெட்ட யோசனை.
(அவன் கிணறு எங்கே என்று எனக்குத் தெரியும்.
அதற்கு மேல் சொல்லமாட்டேன்.)

அப்புறம் எறும்பு வந்தது.
சவூவா, இலை வெட்டும் செவ்வெறும்பு.
ஒரே ராத்திரியில் என் வெண்டைப் பாத்தி முழுக்க
காம்புகள் மட்டும்,
பெயர்ப்பலகை பிடுங்கிய கம்பங்கள் மாதிரி.
தப்பிய வரிசையில்
இலைக்கு அடியில் அசுவினி, அப்பிக்கொண்டு.

கடைக்காரன் எடுத்து வைத்த புட்டி
என் இரண்டு வாரக் கூலி.
சீட்டில் மண்டையோடு சிரித்தது.
இதே மண்டையோட்டை நான் தினமும்
பாவாடை ஓரத்தில் நனைத்து
சும்மாவே வீட்டுக்குக் கொண்டுவருகிறேனே
என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.
புட்டியைத் திருப்பி வைத்தேன்.

ஒரு டின் எடுத்தேன். பிழிந்த அன்றே;
நாளானால் நஞ்சு
காற்றோடு கிளம்பிப் போய்விடும்.
புற்றின் வாய் ஒவ்வொன்றாய்த் தேடி ஊற்றி
மண் தள்ளி மிதித்தேன்.
மிச்சத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர்,
ஒட்டிக்கொள்ள ஒரு பிடி கோதுமை மாவு,
துடைப்பத்தை முக்கி
இலையின் அடிவயிற்றில் உதறினேன்.
முகத்தில் ஈரத்துணி. காற்றுக்கு முதுகு.

ஊற்றும்போது புற்றின் வாயில் நுரைத்தது.
அவள் வாயோரம் பார்த்த அதே நுரை.
டின்னைக் கீழே வைத்துவிட்டுக்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு எடுத்தேன்.

மூன்றாம் நாள் அசுவினி கருகி உதிர்ந்தது.
புற்று ஐந்தில் நான்கு அடங்கியது.
ஐந்தாவது குடிபெயர்ந்து
செலியோமாரின் எலுமிச்சையை மொட்டையடித்தது,
ஆகவே செலியோமாரும் ஒரு டின்னோடு வந்தான்.
அவன் கொழுந்தி வந்தாள்.
தக்காளி வேரில் முடிச்சு விழுந்தவர்கள்,
மாட்டில் உண்ணி ஏறியவர்கள்,
பெயர் தெரியாத ஒருவர் கழுதையோடு வந்தார்.
வாய்க்கால் காய்ந்தது.

வாய்க்கால் காய்ந்த மறுநாள்
ஆலைச் சுவரில் அடெய்ல்டோவின் கையெழுத்து:
மஞ்சள் நீர், லிட்டர் ஐம்பது சென்டாவோ.
நேற்றுவரை ஆடு குடித்தால் ஆட்டின் தப்பு;
இன்று அது சரக்கு.

என்னிடமும் கை நீட்டினான்.
நான் திருகை நிறுத்தினேன்.
சுரண்டும் கத்தி எட்டும் நின்றன.
அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து
அவன் எழுத்துக்குக் கீழேயே எழுதினேன்:

ஆடு ஒன்று, குட்டி இரண்டு.
தொள்ளாயிரம் லிட்டர்.

அவன் படித்தான். தொப்பியைத் தொட்டான்,
கழற்றவில்லை. அழிக்கவும் இல்லை.

இன்றுவரை நான் எடுத்தது அறுபத்திரண்டு.
லிட்டருக்கு ஒரு கோடு.
சுவரில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.