பிந்திய சேர்க்கை

படிவத்தில் நாலு கட்டம்.
ஒல்லாந்தர். பிரித்தானியர். திருத்த வேலை.
கடைசியாக: பிந்திய சேர்க்கை, அகற்றுக.

எட்டு மாதம் என் சம்பளம் இதற்குத்தான்.
டச்சுக் குடாவுக்கு முதுகைக் காட்டி நின்ற
கட்டடத்தின் தோலைச் சுரண்டி,
பொடியைச் சிமிழில் அடைத்து, எண் போட்டு
எந்தக் காலத்துச் சுவர் என்று எழுதுவது.

மருந்துக் கிடங்காகக் கட்டினார்களாம்.
மருந்தென்றால் வெடிமருந்து.
பிறகு கப்பற்பாய் தைக்கும் கூடம்.
நாற்பத்திரண்டு சித்திரையில் குண்டு விழுந்த காலை
கூரையில் பாதி போனது,
மிச்சப் பாதிக்குக் கீழே தந்திக்காரர் இருந்தார்கள்.
பிறகு பூட்டு.
பிறகு முகாம்.
முகாமுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து வந்த பதுறுதீன் மேசன்
விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.
"சீமெந்து பூசி வச்சிருக்கானுகள்.
உள்ளுக்க ஈரம், வெளிய வர வழியில்ல.
இருநூறு வரிசமாக் குடிச்ச உப்பு, மகள்."
உடைத்தோம்.
பலகை பலகையாகச் சீமெந்து விழ
முருகைக்கல் மாவாகி விரலோடு வந்தது.
மறுநாள் விடிய வந்தால்
சுவர் முழுக்க வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று நின்று
நக்கிக்கொண்டிருக்கிறது.
துரத்தச் சொன்னார்கள்.
அது வலது மூலையை முடிக்கும்வரை
செருப்பைத் தேடுவதுபோல் நின்றேன்.

மூன்றாம் அறை, வடக்குச் சுவர்.
ஒரு யன்னலைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள்.
பச்சைப் பெயின்ற் உரிந்த இடத்தில்
ஆணியால் கீறிக் கரி தேய்த்த கோடுகள்,
நாலு நெடுக்கு, ஒன்று குறுக்கு.
எண்ணினேன். நூற்றுப் பதினேழு.
கீழே ஒரு பெயர், முன்பாதி பெயர்ந்துபோய்
'நாதன்' மட்டும் மிச்சம்.
இந்த ஊரில் கால்வாசி ஆம்பிளைகளுக்கு
பெயர் அப்படித்தான் முடியும்.

கொழும்பிலிருந்து ஆலோசகர் விதானகே வந்தார்.
நல்ல மனிதர், ஏணியைத் தானே தூக்கி வைப்பார்.
பழைய வரைபடத்தை விரித்தார்:
யன்னல் இருந்த இடத்தில் யன்னல் வேண்டும்,
கடற்காற்று வேண்டும்.
கோடுகளைப் பார்த்தார்.
"இது என்ன?"
"கணக்கு, சேர்."
"என்ன கணக்கு?"
"தெரியாது, சேர்."
அது உண்மை.

அன்று பின்னேரம் படிவத்தை எடுத்து
மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போட்டேன்.
குறிப்பு: அடைப்புச் சுவர் பாரம் தாங்குகிறது.
எடுத்தால் மேல்வளைவு இறங்கும்.
என்ஜினியர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பேனையைக் கேட்டார்.

மற்றச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு ஐந்து பூச்சு.
அதற்கு மட்டும் பதுறுதீன் ஒரு பூச்சோடு
மட்டையைக் கழுவி வைத்துவிட்டார்.
நான் கேட்கவில்லை.
அவரும் தேத்தண்ணியைத்தான் பார்த்தார்.

இப்போது நுழைவுச்சீட்டு நூறு ரூபா.
பீரங்கிக்குக் கறுப்பு மை, புல்லுக்குத் தண்ணீர்.
மூன்றாம் அறையில் பாய் தைத்த ஊசிகள், கயிறு,
கண்ணாடிக்குள் ஒரு மரக்கப்பி.
பள்ளிப் பிள்ளைகள் கப்பியைக் கேட்பார்கள்.
வெயில் காலத்தில் அந்தச் சுவர் வெறும் வெள்ளை.

கார்த்திகையில் வாடை திரும்பும்.
மழை சாய்ந்தடித்து வடக்குச் சுவர் நனையும்.
நனைந்த சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி,
நாலு நெடுக்கு, ஒன்று குறுக்காக
உள்ளிருந்து கறுத்து வரும்.
பராமரிப்புக் கொப்பியில் வருடா வருடம் எழுதுகிறேன்:
வடக்குச் சுவர், ஈரக்கசிவு. அவதானிக்கப்படுகிறது.

போன மழைக்கு ஒருத்தி வந்தாள், என் வயதிருக்கும்.
சீட்டின் மிச்சக் காசை வாங்காமல் உள்ளே போய்
ஊசியும் பார்க்கவில்லை, கப்பியும் பார்க்கவில்லை.
விரித்த குடையோடு அறைக்குள் நின்றாள்,
தண்ணீர் சொட்டிச் சொட்டி
அவளைச் சுற்றி வட்டமாய்த் தேங்கும்வரை.

"எத்தனை மணிக்குப் பூட்டுவீங்கள்?"

வாசல் பலகையில் ஐந்து என்று போட்டிருக்கிறது.
மழை விடட்டும் என்றேன்.