மாட்டியிருக்கணும்

ஜுபைல். ஷட்டவுன் வேலையில் பதினொன்றாம் நாள்.
கன்டெய்னர் ஆபீஸில் ஏசி சொட்டுகிற இடத்தில்
பெயின்ட் டப்பா வைத்திருக்கிறோம்.
சாட்சி வெள்ளத்துரை, சாரம் கட்டுகிறவன்,
கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருக்கிறான்.
எதிரே சேஃப்டி ஆபீசர் ரோடெல், மணிலாக்காரன்.
நடுவில் நான். ஸ்டோர் கீப்பர்.
பிளஸ் டூ ஆங்கிலத்தில் நூற்று முப்பத்தெட்டு வாங்கியதால்
இன்றைக்கு மொழிபெயர்ப்பாளன்.

ஜெயசீலன் விழுந்தது
மூன்று பத்துக்கா மூன்றேகாலுக்கா என்பதில் சிக்கலில்லை.
பன்னிரண்டு மீட்டர் என்பதிலும் இல்லை.
கொக்கி மாட்டியிருந்தானா என்று கேட்டோம்.
வெள்ளத்துரை சொன்னான்:
"மாட்டியிருக்கணும் சார்."

ரோடெலின் பேனா தாளுக்கு மேலே நிற்கிறது.

மாட்டியிருக்கணும்.
நான் பார்க்கல, ஆனா மாட்டாம ஏறுற ஆளில்ல அவன்.
அப்படியும் இருக்கலாம்.
மாட்டாமப் போயிட்டானே பாவி.
அப்படியும் இருக்கலாம்.
தமிழில் இரண்டும் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும்.
ஆங்கிலம் கேம்ப் மாதிரி, ஆளுக்கொரு கட்டில்.
மஸ்ட் ஹேவ் என்றால் மாட்டினான்.
ஷுட் ஹேவ் என்றால் மாட்டவில்லை,
தப்பு அவன் பேரில், இன்ஷூரன்ஸ் பாதி.

"எந்த மாட்டியிருக்கணும்?" என்றேன்.
"அதாண்ணே சொல்றேன். மாட்டியிருக்கணும்."
அந்த 'ணும்' ஏறுகிறதா இறங்குகிறதா என்று
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
வெளியே கம்ப்ரஸர் ஓடியது.
தெரிந்த ஒரே ஆள்
ஆஸ்பத்திரியில், வாயில் குழாயோடு.

என் முழங்கைக்குக் கீழே லெட்ஜர்.
பெல்ட் எண் நாற்பத்தொன்று.
ஞாயிற்றுக்கிழமை வந்து
"ஸ்பிரிங் லூசாருக்குண்ணே, பாருங்க" என்றான்.
புது லாட் வியாழன் வரும் என்றேன்.
விழுந்தது செவ்வாய்.
மேல் ரேக்கில் இரண்டு பெல்ட் இருந்தன,
ஆடிட்டுக்குக் காட்ட, கவர் பிரிக்காமல்.

கொடுத்திருக்கலாம்.

இதுவும் ஆங்கிலத்தில் இரண்டு.
மைட் ஹேவ் என்றால்
கொடுத்தேனோ என்னவோ, ஞாபகம் இல்லை.
குட் ஹேவ் என்றால்
ஸ்டூல்கூட வேண்டாம், கை எட்டும்.

ஷுட் ஹேவ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்,
இந்த லெட்ஜரை யாரும் திறக்கப் போவதில்லை.
வெள்ளத்துரைக்கு ஆங்கிலம் தெரியாது.
ரோடெலுக்குத் தமிழ் தெரியாது.
சொட்டு விழுந்தது டப்பாவில். இன்னொன்று.

"மஸ்ட்" என்றேன். "மஸ்ட் ஹேவ்."
"ஷ்யூரா?" என்பதுபோல் புருவத்தைத் தூக்கினான்.
ஷ்யூர் என்றால் மஸ்ட் எதற்கு?
மாட்டினான் என்றே சொல்லியிருப்பேனே.

எழுதினான். தாளைத் திருப்பினான்.
அடுத்த கட்டம்: பெல்ட் எண், கடைசியாகப் பரிசோதித்த தேதி.
லெட்ஜரை அவன் பக்கம் நகர்த்தினேன்.
வெள்ளத்துரை இப்போதுதான்
வலது கையுறையைக் கழற்றுகிறான்,
கையெழுத்துப் போட.