ஐந்து மதிப்பெண் வினா

பாளையங்கோட்டை மே மாத வெயில்
ஜன்னல் தாண்டி மேசைக்கு வந்து
விடைத்தாள் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.
கௌரவ விரிவுரையாளர் நான்.
கௌரவம் மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது.

பதினொன்றாம் வினா:
சமூகம் என்றால் என்ன? வரையறுக்க.

ஒரு நிலப்பரப்பு. கூடி வாழ்தல். நாம் என்ற உணர்வு.
தாளுக்குத் தாள் இதேதான்,
நான் வகுப்பில் சொன்னது, காற்புள்ளி உட்பட.
ஒருத்தி 'நாம்' என்பதை
'நாமம்' என்று எழுதியிருந்தாள்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.
யோசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒருவன் ஒரே சொல்லில் முடித்திருந்தான்.
வட்டாட்சியர் முத்திரைக்கு மேலே
புள்ளிக் கோட்டில் நிரப்புவார்களே,
அந்தச் சொல்.
தப்பு என்று போடப் பேனா எழும்பவில்லை.

மகாராஜநகரில் வீடு பார்க்கப் போனபோது
தண்ணீர் வரும் நேரம், மீட்டர் பெட்டி,
துணி காயப்போடும் கொடி எல்லாம் காட்டிவிட்டு
வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினார்:
"அப்போ, நீங்க எந்த ஆளுக?"
"சமூகவியல்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சாவி அவர் முந்தானை முடிச்சிலேயே இருந்தது.

நாற்பதாவது தாள்.
பதிவெண்தான் இருக்கிறது, பெயர் இல்லை.
ஆனால் 'ற'வுக்கு இப்படி வால் இழுக்கிறவன்
என் வகுப்பில் ஒருவன்தான்.
மானூர்ப் பக்கம். கடைசி பெஞ்சு.
மணிக்கட்டில் இரண்டு நிறத்தில் கயிறு.
என்ன நிறம் என்று சொல்ல மாட்டேன்,
சொன்னால்
நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எழுதியிருக்கிறான்:

"கார்த்திகையில எங்க ஊருக் கொளம் உடையப் பாத்துச்சு.
ராத்திரி ரெண்டு மணி. கரண்டு இல்ல.
மைக்செட்டுக் கொம்பையா பேட்டரிய மாட்டி
ஒரே ஒரு தடவ கத்துனாரு,
கர கரையுதுலே.
எந்தத் தெருவுன்னு சொல்லல.
எல்லாத் தெருவும் கரையில வந்து நின்னுச்சு.
எபனேசர் அண்ணன் இடுப்பளவு தண்ணியில
பனந்தடியப் பிடிச்சிட்டு நின்னாரு.
நாங்க உரச் சாக்குல மண்ண ரொப்பி
கைமாத்தி கைமாத்தி விட்டோம்.
யாருட்ட வாங்குனேன், யாருட்ட குடுத்தேன்,
ஒண்ணும் தெரியாது.
எனக்குச் சாக்கு தந்த கையில
சுண்டுவிரல் இல்ல. அது மட்டும் ஞாபகம்.
முழங்கை வரைக்கும் கரம்பை.
என் கயிறு எனக்கே தெரியல.
சமூகம்னா அதுதான் மேடம்.
மூணு மணி நேரம் இருந்துச்சு."

அதற்கு மேல் கூடுதல் தாள்.
ஐந்து மதிப்பெண்ணுக்கு
எழுந்து நின்று கை உயர்த்தி வாங்கியிருக்கிறான்.

கூடுதல் தாளைச் சேர்த்துக் கட்ட
தேர்வறையில் நூல் கொடுப்போம்.
வெள்ளை நூல், எல்லோருக்கும் அதே உருண்டையிலிருந்து.
முரட்டுக் காளையைக் கட்டுவதுபோல்
இறுக்கிவிட்டான்.
முதல் வரி முடிச்சுக்கு அடியில்.
நகத்தால் நெம்பினேன்.
சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றி
அதன் முனையால்
கொஞ்சம் கொஞ்சமாக.

"விடிஞ்சதும் பம்புசெட்டுக்குப் போயி
எல்லாரும் கையக் கழுவிட்டோம்.

இப்பவும் டவுன் பஸ்ல
கம்பியப் பிடிச்சிருக்க கைகளப் பாக்கேன்.
விரல எண்ணுதேன்."

அவ்வளவுதான்.
மீதிப் பக்கம் வெள்ளை.

விடைக்குறிப்பைப் புரட்டுகிறேன்.
வரையறைக்கு இரண்டு, கூறுகளுக்கு மூன்று.
சுண்டுவிரலுக்கு எதுவும் போடவில்லை.

நூலை மறுபடி கட்டுகிறேன்.
அவன் கட்டிய அளவுக்கு
இறுகவில்லை.

முதன்மைத் தேர்வாளர் வாசலில் நின்று
"மேடம், கட்டு முடிஞ்சிட்டா?" என்கிறார்.

"இன்னும் ஒண்ணு கெடக்கு, சார்."