நிரோஷினிக்கு, பிரிட்ஜ் கதவில்

மூன்று வாரம் ஜொகூரில் பயிற்சி.
பத்து மணி பஸ் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போது
நீ நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருப்பாய்.
எழுப்பவில்லை.
வாடகைப் பணம் அரிசி டின்னுக்கு மேலே.
இனி மீன்தொட்டி.

விளக்கைத் தொடாதே.
இரண்டு மணிக்குத் தானே எரியும், ஒன்பதுக்குத் தானே அணையும்.
செடிக்கு அது போதும்.
கூடுதல் வெளிச்சத்தைப் பாசிதான் தின்று கொழுக்கும்.
நாலு மணி வெயில் சமையலறை வழியாக நுழைந்து
கண்ணாடியில் கை வைக்கும்.
திரையை இழுத்துவிடு.

ஞாயிறு காலை தண்ணீர் மாற்று.
முழுவதும் அல்ல, நாலில் ஒரு பங்கு,
நீல வாளியில் ஒன்றரை.
புதுத் தண்ணீரில் முதலில் மருந்து, வாளிக்கு ஐந்து சொட்டு.
நாம் குடித்துப் பழகிய குளோரின்
அவற்றின் செவுளைச் சுட்டுவிடும்.
பழைய தண்ணீர் நடைபாதைக் கருவேப்பிலைக்கு.
மிஸஸ் கூ கேட்டால்
அவருடைய பண்டானுக்கும் ஒரு குவளை.

வடிகட்டிப் பஞ்சு அழுக்காக இருக்கும்.
இருக்கட்டும்.
குழாயடியில் வைத்துத் தேய்க்காதே.
கண்ணுக்குத் தெரியாத ஒரு ஷிப்ட் அதற்குள் வேலை செய்கிறது,
மீனின் கழிவைச் செடிக்குச் சோறாக்கிக்கொண்டு,
ஓவர்டைம் கேட்காமல்.
பாயான் லெப்பாஸில் கிடைக்காத ஆட்கள்.
தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி, போதும்.

முன்வரிசைக் கிரிப்டோகொரைன்
இலை கண்ணாடிபோலாகிக் கூழாய்க் கரைந்தால்
பயந்து போன் போடாதே.
ஏதாவது மாறினால் அவள் அப்படித்தான்,
இருப்பதையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.
கரைந்ததை வெட்டி எடு. வேரைப் பிடுங்காதே.
ஈப்போவிலிருந்து நீ வந்த முதல் மாதம்
உனக்கும் சோறு இறங்கவில்லையே.

மழையில்லாத நாளில் தண்ணீர் சுடும்.
மூடியைத் திறந்து சின்ன விசிறியைத் திருப்பிவை.
மேலே வந்து மூச்சு வாங்கினால்
காற்று மோட்டார் இரவு முழுக்க ஓடட்டும்.
சாம்பிராணி போடும் அரைமணி மட்டும் நிறுத்து,
புகையையும் அது உள்ளே இழுக்கும்.
ஹாலில் கொசு மருந்து அடிக்கவே அடிக்காதே.

இப்போது தீனி.
இதை மெதுவாகப் படி.
ஒரு சிட்டிகை. ஒரு வேளை.
ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு.
நீ பக்கத்தில் போனாலே ஓடிவந்து வாயைத் திறக்கும்.
நம்பாதே.
அது பசி இல்லை, பழக்கம்.
வெள்ளிக்கிழமை நீ விரதம்,
அவையும் இருக்கட்டும்.
போஸ்ட்மேனிடம்கூடப் "பசியாறியாச்சா" என்று கேட்கிற வாய் உனக்கு.
மீனிடம் மட்டும் கேட்காதே.

போன தீபாவளிக்குப் போனபோது
பதினொரு ரஸ்போரா விட்டுவிட்டுப் போனேன்.
வந்து எண்ணினேன். பதினொன்று.
வால்நுனி கிழிந்தது மட்டும் இல்லை.
நாலு மீன் வெளிறிப்போய்
கட்டைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன,
வயிற்றோரத்துக் கறுப்பு முக்கோணம்
இன்னும் சரியாகக் கறுக்காமல்.
சிங்க்குக்கு அடியில் ரப்பர் பேண்ட் சுற்றிய பை,
உள்ளே ஈரம் காயவில்லை.
ஜெலுத்தோங் சந்தையில் ஒன்று இரண்டு வெள்ளியா?
மாதக் கடைசி அது.
கேண்டீனில் நீ வெறும் கோப்பியோடு உட்கார்ந்திருந்ததாக
சற்குணன் சொன்னான்.

நான் கேட்கவில்லை.
இப்போதும் கேட்கவில்லை.

இந்தத் தடவை ஒன்று செத்தால்
அன்றைக்கே வலையால் எடுத்து
கருவேப்பிலை வேரடியில் புதை.
எண்ணிக்கையைச் சரிசெய்யாதே.
பத்து என்று மெசேஜ் அனுப்பு.
பத்து என்றே வாங்கிக்கொள்கிறேன்.

நத்தையை எழுத மறந்துவிட்டேன்.
கண்ணாடியில் ஊர்ந்தால் விட்டுவிடு.
திடீரென்று கூட்டம் பெருகினால்
அது உன் கைச் சிட்டிகையின் கணக்கு.