காற்றின் கண்

விட்பி துறைமுகத்தில், கடல் பார்த்த ஒரு சுவரில்
சன்னல் ஒன்றின் பிணம் இருக்கிறது.
மேலே கல் புருவம், கீழே கல் விளிம்பு,
நடுவில் செங்கல்.
சன்னலுக்கு வரி போட்ட காலத்தில்
யாரோ கணக்குப் பார்த்து அடைத்தது.
வரி போய் நூற்றெழுபது வருடத்துக்கு மேல்;
செங்கல் போகவில்லை.

எடுத்துவிடு என்கிறாள் ஹெஸ்பா அவுத்வெய்ட்,
மீன் ஏலக் கணக்கெழுதுகிறவள்.
கடலுக்கு முதுகு காட்டித் தூங்கிச் சலித்துவிட்டதாம்.
இங்ராம் உளியை வைக்கிறான்.

விண்டோ.
முன்பாதி காற்று.
பின்னால் தொங்கும் அந்த 'ஓ' ஒரு காலத்தில் கண்.
ஆயிரம் வருடம் வாயில் உருண்டு
இமை மட்டும் மிஞ்சிய கண்.

வடக்கிலிருந்து கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த சொல்.
கோடரியும் கொண்டுவந்தார்கள், அது துருப்பிடித்தது.
கண்ணாடி ஏது அவர்களுக்கு?
கூரையில் ஓர் ஓட்டை.
அடுப்புப் புகை அதன் வழியே போகும்.
காற்று அதன் வழியே எட்டிப் பார்க்கும்,
உள்ளே யார், உலையில் என்ன என்று.

இந்தக் கரையில் அதற்கு முன்பே ஒரு சொல் இருந்தது:
கண்துளை.
நான் நினைத்துப் பார்க்கிறேன்:
பனி கொட்டும் இரவு, கப்பலில் வந்த குன்வோர் சொல்கிறாள்,
காற்றின் கண்ணை மூடு.
கண்துளையையா, என்கிறான் இந்த மண்ணின் சியோல்வின்.
பார்ப்பது நீயா, அதுவா?
தொட்டிலில் கிடந்தது இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தது,
விறைத்த காதோடு.

தோற்ற சொல் முழுதாகச் சாகவில்லை.
கண் போனது. துளை தப்பித்து
மூக்குக்குள் ஒளிந்துகொண்டது.
இன்றும் நாசித்துவாரத்துக்கு ஆங்கிலத்தில் அந்தத் துளைதான் பெயர்.
காற்றிடம் தோற்று ஓடியது
காற்றின் வாசலிலேயே குடியிருக்கிறது.

(நமக்கும் ஒன்று உண்டு, காலதர்.
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
போர்த்துக்கீசியரின் சன்னல் வந்து அதைச் சாத்திவிட்டது.)

இங்ராமின் வேனில் இரட்டைக் கண்ணாடி,
ரப்பர் விளிம்பு, பத்து வருட உத்தரவாதம்:
ஒரு மூச்சு உள்ளே வராது.

நாலாவது செங்கல் அசைகிறது.
வெளிச்சம் அடிக்குமென்று
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள் ஹெஸ்பா.
வெளியே கடற்பனி. வெளிச்சம் இல்லை.
வந்தது காற்று,
உப்பும் டீசலும் மீன்வாடையுமாக.
மேசையிலிருந்த மின்சார பில்லைத் திருப்பி
ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

அவள் மூக்கு விரிந்தது.

கண்ணாடி மாட்டட்டுமா?
இரு, என்கிறாள்,
முதலில் டீ குடி.